தீபாவளிக்கு முன்னால் வீட்டுக் கேட்டைப் பாருங்கள்: நாய், பூனை, ஆடு, மாடு வளர்ப்போருக்கு

ஓசூரில் வேலை கிடைத்து வீடு எடுத்தவர்கள், கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் வீடு கட்டிக் குடிபோனவர்கள் என்று முதன்முதலாக நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வளர்க்கத் தொடங்கியவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தீபாவளி நெருங்கும்போது எல்லோரும் கேட்பது, "சத்தத்துக்கு என்ன செய்வது?" என்றுதான். என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் வீட்டுக் கேட் ஒழுங்காகச் சாத்துகிறதா?

மிரண்ட நாய் யோசிக்காது. எந்தப் பக்கம் வழி இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். நம் மூன்று ஊர்களும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியவை. பெங்களூரிலிருந்து ஊருக்குத் திரும்பும் வண்டிகள் அந்த ரோட்டில் நிறைந்து போகும் நாட்களில்தான் நம் நாயும் மிரள்கிறது. சத்தத்தில் நடுங்கிய நாய் மறுநாள் தேறிவிடும். ரோட்டுக்குப் போன நாய் திரும்பி வருமா என்பது நிச்சயமில்லை. அதனால் கேட்டிலிருந்து தொடங்குவோம்.

முதலில் கேட்டும் மதிலும்

கேட்டுக்கு வெளியே போய்க் குனிந்து பாருங்கள். அடியில் நாயின் தலை நுழையும் அளவு இடைவெளி இருந்தால் உடம்பும் நுழைந்துவிடும். அந்த இடைவெளியை அடைக்க நம் ஊரில் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமே இல்லை. ஓர் ஆள் உந்தினாலும் நகராத கனமான துண்டாகப் போடுங்கள். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் வலையைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டலாம். தள்ளினால் திறந்துகொள்ளும் தாழ்ப்பாளை நம்பவே வேண்டாம். பூட்டுப் போடுங்கள், சாவி ஒரே ஆளிடம் இருக்கட்டும்.

அப்புறம் மதில். துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, அடுக்கி வைத்த செங்கல், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் என்று மதிலை ஒட்டி எது இருந்தாலும் அது நாய்க்குப் படிக்கட்டு. சாதாரண நாளில் ஏறவே ஏறாத நாய் அன்றைக்கு ஏறும். நகர்த்த முடிந்ததை நகர்த்திவிடுங்கள். மாடி வீடாக இருந்தால் மொட்டை மாடிக் கதவும் பால்கனிக் கதவும் மூடியே இருக்கட்டும். பயத்தில் மேலிருந்து குதிக்கும் நாய்களும் பூனைகளும் உண்டு.

தீபாவளியன்று பலகாரத் தட்டோடு பிள்ளைகள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். யார் எப்போது கேட்டைத் திறந்து வைத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. "நாய் உள்ளே இருக்கிறது, கேட்டைச் சாத்தவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, குழந்தைகளின் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். பெரியவர்கள் படிக்காவிட்டாலும் பிள்ளைகள் படித்துவிடுவார்கள்.

சங்கிலியைப் பற்றி அழுத்தியே சொல்ல வேண்டும். "கட்டிப் போட்டுவிட்டோம், ஓடாது" என்று நிம்மதியாக இருக்கிறோம். மிரண்ட நாய் சங்கிலியோடு மதிலைத் தாண்டினால் அந்தப் பக்கம் தொங்கிவிடும். தூணைச் சுற்றிச் சுற்றி வந்து கழுத்து இறுகியும் போகும். வெடிச் சத்தம் கேட்கும் நேரத்தில் எந்த நாயும் சங்கிலியில் இருக்கக் கூடாது. வீட்டுக்குள் விடும் வழக்கம் இல்லையென்றால் ஸ்டோர் ரூம், குளியலறை, மூடிய கொட்டகை என்று ஏதாவது ஓர் இடத்தில் அவிழ்த்து விட்டுக் கதவைச் சாத்துங்கள். அந்த ஓர் இரவுக்காவது உள்ளே விடச் சொல்லி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் பாருங்களேன்.

எதற்கு இவ்வளவு பயம்

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய் சுமார் 45,000 வரையும், பூனை 60,000க்கு மேலும் கேட்கும். நமக்கு எட்டாத மெல்லிய சத்தமே அவற்றுக்கு எட்டும். பட்டாசுக்குச் சட்டம் வைத்த வரம்போ, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். பசுமைப் பட்டாசு என்றால் பயமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் புகை குறைவு, ஆனால் நாயின் காதுக்கு அதுவும் வெடிதான்.

தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரை, இரவு 7 முதல் 8 மணி வரை வெடிக்கலாம் என்று 2018 முதல் அரசு நேரம் அறிவித்துவருகிறது. அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் கணக்கில் வைத்துத் திட்டம் போடாதீர்கள். முந்தின நாள் சாயங்காலமே தெருவில் தொடங்கிவிடும். எண்ணெய்க் குளியல் முடித்த வீடுகளில் விடியும் முன்பே வெடிக்கும். மறுநாள் மிச்சம் மீதி தீரும்வரை ஓயாது.

தீபாவளியோடும் முடிவதில்லை. கார்த்திகை, புத்தாண்டு, மாரியம்மன் திருவிழா வாணவேடிக்கை, தேர்தல் வெற்றி, தெருவில் போகும் சாவு ஊர்வலம் என்று வருடம் முழுக்க வெடிதான். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் காட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ராகி விளையும் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் வரும். விரட்ட வெடி போடுவார்கள். ராத்திரி எந்த நேரத்தில் கேட்கும் என்று சொல்லவே முடியாது. அங்கே உள்ள நாய்க்கு ஒரு நாள் ஏற்பாடு போதாது. கீழே சொல்லும் அறையை அந்தப் பருவம் முடியும்வரை அப்படியே விட்டுவையுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு

கழுத்துப் பட்டையில் உங்கள் கைபேசி எண் இருக்க வேண்டும். தகட்டில் பொறித்துக் கொடுக்கும் கடை பக்கத்தில் இல்லையென்றால், பட்டையின் மேலேயே அழியாத மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். அதுவே போதும். தோலுக்கடியில் மைக்ரோசிப் வைப்பது நல்லதுதான், ஆனால் அதைப் படிக்கக் கருவி வேண்டும். நாயைப் பிடித்து வைத்திருக்கும் டீக்கடைக்காரருக்குக் கழுத்தில் இருக்கும் எண்தான் உதவும். முகம் தெரிய ஒன்று, பக்கவாட்டில் முழு உடம்பும் தெரிய ஒன்று எனப் படம் எடுத்துக் கைபேசியில் வையுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தவணை தாண்டியிருந்தால் இப்போதே போடுங்கள். பயந்த நாய் வீட்டு ஆளையே கடிக்கும்.

சத்தத்துக்குப் பழக்குவதையும் இப்போதே தொடங்கினால்தான் பலன். யூடியூபில் பட்டாசுச் சத்தம் கிடைக்கும். நாய் காதை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும் அளவுக்கு மிக மெல்லிதாக வையுங்கள். சத்தம் கேட்கும்போதே வேகவைத்த கோழித் துண்டு, முட்டை என்று அதற்கு ரொம்பப் பிடித்ததைக் கொடுங்கள். சத்தம் நின்றதும் தீனியும் நிற்கட்டும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். நாலைந்து நாள் கழித்து ஒரு புள்ளி கூட்டுங்கள். தீனியை வாங்காமல் முகத்தைத் திருப்பினால் சத்தம் அதிகமாகிவிட்டது என்று பொருள், உடனே குறைத்துவிடுங்கள். கைபேசியில் வரும் சத்தத்துக்கும் நிஜ வெடி தரையை அதிர வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இருந்தாலும் பழகிய நாய்க்கும் பழகாத நாய்க்கும் உள்ள வேறுபாடு அன்றைக்குத் தெரியும். தீபாவளிக்கு நாலு நாள்தான் இருக்கிறது என்றால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். அவசரமாகப் பழக்கப் போனால் பயம்தான் கூடும்.

போன வருடம் எச்சில் ஒழுக நடுங்கிய நாய், கதவைப் பிறாண்டி நகத்தைப் பெயர்த்துக்கொண்ட நாய் என்றால் கால்நடை மருத்துவரை முன்கூட்டியே பாருங்கள். பண்டிகையன்று மருத்துவமனையில் ஆள் கிடைப்பது கடினம். டிராசடோன், கேபாபென்டின் போன்ற மருந்துகளை நாயின் எடைக்கு ஏற்ப மருத்துவர் எழுதிக் கொடுப்பார். பொதுவாக வெடி தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டியிருக்கும். நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் அவ்வளவாக வேலை செய்யாது. ஒரு சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. இதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அசிபுரோமசின் என்ற பழைய மருந்தை மட்டும் கொடுக்கச் சொன்னால், வேறு வழி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். அது உடம்பை அசையவிடாமல் செய்யும். உள்ளே பயம் அப்படியே இருக்கும். படுத்திருக்கிறதே, நிம்மதியாக இருக்கிறது என்று நாம் ஏமாந்துபோவோம்.

வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரை, சளி மருந்து, பாராசிட்டமால் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

பதுங்க ஓர் அறை

தெருப் பக்கம் ஜன்னல் இல்லாத அறையாகப் பாருங்கள். பழைய ஓட்டு வீடாக இருந்தால் நடு அறை. ஜன்னலைச் சாத்திக் கெட்டியான போர்வையைத் தொங்கவிடுங்கள். வெளிச்சமும் குறையும், சத்தமும் கொஞ்சம் மட்டுப்படும். மின்விசிறி முழு வேகத்தில் ஓடட்டும். தொலைக்காட்சியோ பாட்டோ வழக்கமாக வைக்கும் அளவுக்கே போதும். வெடியை அமுக்கும் அளவுக்கு அலறவிட்டால் அதுவே இன்னொரு தொல்லை. கட்டிலுக்கு அடியில் நீங்கள் உடுத்திய, துவைக்காத துணி ஒன்றைப் போடுங்கள். உங்கள் வாசனை அதற்குத் தைரியம். தண்ணீர்க் கிண்ணம் கவிழாத கனமானதாக இருக்கட்டும்.

பூனைக்கு உயரம் வேண்டும், இல்லையென்றால் இருட்டு வேண்டும். பரணில் ஓர் அட்டைப் பெட்டி, பீரோவுக்கு மேல் ஒன்று என்று வைத்துவிடுங்கள். எதில் இருப்பது என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். மணல் தட்டும் அதே அறையில் இருக்க வேண்டும். வெளியே போய்ப் பழகிய பூனையை முந்தின நாள் மதியமே உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். இருட்டிய பிறகு தேடினால் அகப்படாது.

இந்த அறையைத் தீபாவளியன்று திடீரென்று காட்டக் கூடாது. பத்து நாள் முன்பிருந்தே அங்கே சாப்பாடு போடுங்கள், அங்கே படுக்க விடுங்கள். அறைக் கதவு அதுவரை திறந்தே இருக்கட்டும்.

ஓசூரில் இருந்துகொண்டு தீபாவளிக்குச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முன்பின் தெரியாத வீட்டில் நாய் தப்பித்தால் திரும்பும் வழி அதற்குத் தெரியாது. பழகிய ஆள் யாராவது வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்ள முடிந்தால் அதுதான் நல்லது. கூட்டித்தான் போக வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்பே கிளம்புங்கள். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வண்டிகள் வரிசை கட்டும் முந்தின நாள் இரவில் நாயோடு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அன்றைக்கு

விடியும் முன் எண்ணெய்க் குளியலுக்கு எழும்போதே நாயை வாசலில் விடாமல் நேராக அந்த அறையில் விடுங்கள். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை பெரும்பாலும் தெரு ஓய்ந்திருக்கும். வெளியே கூட்டிப் போக அதுதான் நேரம். கழுத்துப் பட்டையோடு மார்புப் பட்டையும் மாட்டி, கயிறு இரண்டிலும் சேர்ந்தபடி பிடியுங்கள். பின்னால் இழுத்தால் தலை வழியாக உருவிக்கொள்ளும் பட்டையை நம்பி வெளியே போகாதீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் வயிறாரச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். பயம் வந்த பிறகு சாப்பிடாது.

சாப்பாடு என்றதும் ஒன்று. பண்டிகை மட்டன் குழம்பு மிச்சத்தை நாய்க்கு ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. வெந்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் விஷம். பலகாரத் தட்டு உயரத்தில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆசையாக ஊட்டிவிடுவார்கள், அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

தெருவில் பேசுவதற்குக் கூச்சப்படாதீர்கள். "அண்ணா, எங்க வீட்டு நாய் ரொம்பப் பயப்படுது, அணுகுண்டு, லட்சுமி வெடியை மட்டும் அந்த முனையில வெடிக்கச் சொல்லுங்க, புஸ்வாணம், மத்தாப்பு எல்லாம் இங்கேயே விடட்டும்" என்று முந்தின நாளே பக்குவமாகக் கேட்டால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக்காரர்கள் சரணாலயப் பறவைகளுக்காகப் பட்டாசே வெடிப்பதில்லை. நாம் கேட்பது ஐம்பது அடி தள்ளிப் போய் வெடிப்பதைத்தான்.

நடுங்கும்போது

கொட்டாவி, உதட்டை நக்குவது, காதைப் பின்னால் படியவைப்பது, வாலைக் காலிடுக்கில் செருகுவது, வெயிலே இல்லாமல் மூச்சிரைப்பது: பயம் இப்படித்தான் தொடங்கும். இந்த நிலையிலேயே அறைக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகும், கண்டுகொள்ளாதே" என்று சொல்வார்கள். அது தவறு. பயம் என்பது சேட்டை இல்லை, செல்லம் கொடுத்தால் வளர்ந்துவிட. மடியில் தலை வைத்தால் மெதுவாக, நீளமாகத் தடவுங்கள். எப்போதும் பேசும் குரலிலேயே பேசுங்கள். கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள், காலைப் பிடித்து இழுக்காதீர்கள். "பழகட்டும்" என்று வெளியே கூட்டிப் போய்ப் பட்டாசைக் காட்டுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. மார்பைச் சுற்றித் துணியை இதமாக இறுக்கிக் கட்டினால் சில நாய்கள் அடங்கும். முன்பே கட்டிப் பழகியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் மறுநாள் மணல் தட்டைக் கட்டாயம் பாருங்கள். பதற்றத்தில் சிலவற்றுக்கு சிறுநீர் அடைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு நாள் பார்க்கலாம் என்றால் உயிர் போகும்.

ஆடு, மாடு, கோழி

பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை என்று எங்கே போனாலும் வீட்டுக்கு ஒரு மாடாவது இருக்கும். மாட்டை மூக்கணாங்கயிற்றில் கட்டாமல் கழுத்துக் கயிற்றில் கட்டுங்கள். மிரண்டு இழுத்தால் மூக்கு கிழிந்துவிடும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். தீ விபத்து என்றால் அந்த முடிச்சுதான் மாட்டைக் காப்பாற்றும். சினை மாட்டைத் தெருவோரக் கொட்டகையிலிருந்து பின்பக்கம் மாற்றுங்கள். கறவையைச் சத்தம் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். மிரண்ட மாடு பால் விடாது, உதைக்கவும் செய்யும்.

வைக்கோல் போரும் ஓலைக் கொட்டகையும்தான் பெரிய ஆபத்து. ராக்கெட் எங்கே போய் விழும் என்று விட்டவருக்கே தெரியாது. இரண்டு குடம் தண்ணீரும் நனைத்த சாக்கும் போருக்குப் பக்கத்தில் தயாராக இருக்கட்டும், இரவு ஒன்பது மணி வரை ஓர் ஆள் அங்கே கண் வைக்கட்டும். கோழிகள் பயந்தால் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஒரே கூட்டில் அடைக்காமல் நாலைந்தாகப் பிரித்து அடையுங்கள். கூண்டுப் பறவைகளுக்குச் சத்தத்தைவிடப் புகை ஆகாது, உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள்.

தெருநாய்களுக்கு மாடிப்படிக்கு அடியில் கொஞ்சம் இடமும் தண்ணீரும் போதும். மறுநாள் காரை எடுக்கும் முன் அடியில் குனிந்து பார்த்துவிட்டு எடுங்கள். வாலில் சரவெடி கட்டும் பிள்ளைகளைப் பார்த்தால் சும்மா போகாதீர்கள், நிறுத்துங்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்.

காயம் பட்டால், ஓடிவிட்டால்

தீக்காயத்தில் குழாய்த் தண்ணீரைப் பத்திலிருந்து இருபது நிமிடம் வரை மெதுவாக ஓடவிடுங்கள். பற்பசை, மஞ்சள், நெய், மை, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான ஈரத் துணியால் மூடி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெடிக்காத பட்டாசையோ வெடிமருந்தையோ தின்றிருந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். என்ன பட்டாசு என்று தெரியும்படி உறையையும் எடுத்துப் போங்கள். ஆடு மாடுகளுக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கூப்பிடலாம். உங்களையே நாய் கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள்.

நாய் ஓடிவிட்டால் முதலில் பக்கத்துத் தெருக்களையே அலசுங்கள். சாக்கடைப் பாலம், லாரி நிற்கும் இடம், பாதி கட்டிய வீடு, மாந்தோப்பு வேலியோரம் எல்லாம் பாருங்கள். பயந்த நாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராது, துரத்தினால் இன்னும் ஓடும். கண்ணில் பட்டதும் தரையில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து, தீனியைப் போட்டுக் காத்திருங்கள். ராத்திரி கிடைக்கவில்லை என்றால் வாசலில் அதன் படுக்கைத் துணியையும் சாப்பாட்டையும் வைத்துவிட்டு, வெடி ஓய்ந்த விடியற்காலையில் மறுபடி போங்கள். பால்காரர், தூய்மைப் பணியாளர்கள், டீக்கடைக்காரர் ஆகியோர்தான் அந்த நேரத்தில் தெருவில் இருப்பவர்கள். எடுத்து வைத்த படத்தை அவர்களிடம் காட்டி, எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஊர் வாட்ஸப் குழுவிலும் போடுங்கள்.

திரும்பி வந்த நாயைத் திட்டாமல் நேராக அறைக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுங்கள். பாதத்தில் வெட்டோ தீப்புண்ணோ இருக்கிறதா என்று விரலிடுக்கு வரை பாருங்கள். வாசலில் கிடக்கும் மருந்துத் தூளையும் கம்பி மத்தாப்புக் கம்பிகளையும் கூட்டி அள்ளிய பிறகே மறுபடி வெளியே விடலாம். கேட்டுக்கு அடியில் வைத்த கல்லைக் கார்த்திகை முடியும்வரை எடுக்க வேண்டாம்.